கிளி வராத அரைமணி நேரம்

பிப்ரவரி 9

அண்ணிக்கு,

வாலு எழுதுகிறேன். இங்கே நான் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, மாடிப்படி ஏற முடிகிறதா என்பதை முதலில் எழுதுங்கள். மற்றக் கதையெல்லாம் பிறகு.

“இனிமே போன் வேண்டாம். குட்டி எழுத்தைத் தட்ட எனக்குப் பொறுமையும் இல்லை. தாளில் எழுது” என்று நீங்கள் அனுப்பியிருந்த செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்ற வயதில் நீங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தீர்கள். அன்றிலிருந்து நாம் எதையும் எழுதித் தீர்த்ததில்லை, பேசித்தான் தீர்த்திருக்கிறோம். அண்ணன் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுதான் எனக்கு மிச்சம் என்று நினைத்திருந்தேன். கடைசியாகப் பேசிய அன்று உங்களிடம் ஒன்று கேட்டேன். நீங்கள் பதில் சொல்லாமல், “சரி, வெச்சிடட்டுமா, மிஷின் நின்னுபோச்சு” என்றீர்கள். அதை மறுபடி கேட்கப்போவதில்லை. ஆனால் அடுத்த வாரமே போன் வேண்டாம் என்றுவிட்டீர்கள். அண்ணன் இல்லாத பிறகு அண்ணி எந்த வகையில் உறவு என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? அதனால் எழுதுகிறேன்.

பேச விஷயம் வேண்டுமே. கிடைத்திருக்கிறது. தாவர ஆய்வகத்தில் காய்ந்த செடிகளை அட்டையில் ஒட்டித் தைக்கிற என் வேலைக்குக் கண்ணும் கையும் போதும், காது சும்மா கிடக்கிறது என்று எத்தனை நாள் புலம்பியிருக்கிறேன். பக்கத்து மேசையில் காளான்களை வகை பிரிக்கிற பூஞ்சைக்காரர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாகச் சிரித்தார். “என்ன சார், காளான் ஜோக் சொல்லுதா?” என்றேன். ஒரு பக்கத்தைக் கழற்றி என் காதில் வைத்தார். மிருக வைத்தியர்கள் இருவர், கணவனும் மனைவியும், வாரம் ஒரு பிராணியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே பேசுகிற பாட்காஸ்ட். அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது. பாலம் கட்டியவர்கள் பேசுகிறார்கள், பூட்டு ரிப்பேர்க்காரர் பேசுகிறார். பழைய புத்தகங்களை முகம் தெரியாத யாரோ ஆசைக்கு வாசித்து இலவசமாக ஏற்றிவைக்கிற தளம் ஒன்றும் இருக்கிறது. அதில் ஒரு கப்பல் சமையல்காரர் எழுதிய பயண நூலைத் தொடங்கியிருக்கிறேன்.

வைத்தியர்கள், கப்பல் இரண்டுக்கும் உங்கள் போனுக்கு இணைப்பு அனுப்பியிருக்கிறேன். நீங்களும் கேளுங்கள். ஒரே வாரத்தில் ஒரே குரலை இரண்டு ஊரில் கேட்டோம் என்று இருக்கட்டும்.

உங்கள் பதிலுக்காகத் தபால்பெட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்,
வாலு

பிப்ரவரி 27

வாலுக்கு,

முழங்கால் என்னை விட்டுப் போகவும் மாட்டேன் என்கிறது, தூக்கிக்கொண்டு போகவும் மாட்டேன் என்கிறது. மற்றபடி நலம். நீ சமைத்துச் சாப்பிடுகிறாயா, இல்லை வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு திரிகிறாயா?

போன் வேண்டாம் என்றதற்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. லாண்டிரி வைத்திருப்பவளுக்கு நாள் முழுக்க நாலு மிஷின் இரைச்சல். அதற்கு மேல் போனில் கத்த வேண்டுமா? உன் கையெழுத்தைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, சாய்ந்து சாய்ந்து, காற்றில் காயும் சட்டை மாதிரி.

உன் டாக்டர் தம்பதியைக் கேட்டேன். பூனைக்கு மாத்திரை கொடுப்பதற்கு ஏழு வழி சொல்கிறார்கள். உன் அண்ணனுக்கு நான் எட்டாவது வழியில் கொடுத்தேன், அதை அவர்களுக்கு யாராவது எழுதிப் போடலாம். கப்பல்காரரும் தேவலாம். உப்புப் பீப்பாயைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிற ஆளை நம்பலாம்.

இங்கே புதுச் செய்தி ஒன்று. நம் இஸ்திரிக்காரர் பாடுவதை விட்டுவிட்டார். அந்த மனிதர் தேய்க்கத் தொடங்கினால் ராகம் எங்கே போகும், எப்போது திரும்பும் என்று பயந்துகொண்டிருப்போமே, நினைவிருக்கிறதா? கொஞ்ச நாளாகச் சத்தமே இல்லை. வாயை மட்டும் அசைத்துக்கொண்டு தேய்க்கிறார். ஏதோ பிரார்த்தனை போல. வயதானால் ஆள் திருந்துவது உண்டுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணி

மார்ச் 14

அண்ணிக்கு,

ரொட்டி இல்லை, சமைக்கிறேன். நேற்று பூட்டு ரிப்பேர்க்காரரைக் கேட்டுக்கொண்டே சமைத்ததில் பாத்திரம் அடிப்பிடித்தது. அவ்வளவு சுவாரஸ்யமான மனிதர். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமை லாண்டிரி லீவு என்பதும், அன்றைக்கு எந்த மிஷினும் ஓடாது என்பதும் எனக்குத் தெரியும். சும்மா சொன்னேன். விளக்கம் கேட்கவில்லை, விடுங்கள்.

நீங்கள் கேட்டுவிட்டு எழுதியது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. பூஞ்சைக்காரரிடம், “எங்க அண்ணியும் கேக்கறாங்க” என்று பெருமையடித்தேன். “யாரு, உங்க அண்ணன் வீட்டுக்காரங்களா? இன்னும் தொடர்பு இருக்கா?” என்று கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். “பின்ன இல்லாம?” என்று சொல்லிவிட்டு, ஒட்டிக்கொண்டிருந்த இலையைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன்.

கப்பல் புத்தகத்தை ஒவ்வொரு அத்தியாயமும் ஒவ்வொருவர் வாசிக்கிறார்கள், கவனித்தீர்களா? உங்களுக்கு யாரைப் பிடித்திருக்கிறது? வாக்கியத்துக்கு ஒருமுறை தொண்டையைச் செருமுகிற பெரியவரையா, பக்கம் புரட்டுகிற சத்தத்தை மறைக்கத் தெரியாத பெண்ணையா? எனக்கு அந்தப் பெண்தான். புயல் வரும் இடத்தில் அவளே பயந்து வேகமாகப் படிக்கிறாள்.

இன்னொன்று கண்டுபிடித்திருக்கிறேன். யாரும் பேசாத பாட்காஸ்ட். வெவ்வேறு கூரையில் மழை விழுகிற சத்தத்தை ஒருவர் பதிவு செய்து போடுகிறார், தகரம், ஓடு, கண்ணாடி, துணிக்கூடாரம் என்று. தகரக்கூரையைக் கேட்டதும் உங்கள் மாடி அறை ஞாபகம் வந்தது. கேட்டுவிட்டு அதே சத்தம்தானா என்று சொல்லுங்கள்.

பிரியமுடன்,
வாலு

ஏப்ரல் 20

வாலுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. ஒரு ஓட்டல்காரர் எல்லாத் திரைச்சீலைகளையும் ஒன்றாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். கடை முழுக்கத் திரை. நாடகக் கொட்டகை மாதிரி இருந்தது. நீ சளி, காய்ச்சல் ஏதும் இல்லாமல் இருக்கிறாயல்லவா?

மழை எனக்கு வேண்டாம் தாயே. மழை என்றால் எனக்குக் காயாத துணிதான். வாசிப்பவர்களில் எனக்கு எல்லாரையும் பிடித்திருக்கிறது. இதில் என்ன பாரபட்சம்.

ஆனால் கப்பல்காரரை மெச்சினேன். தீவில் இறங்கியதும் எல்லாரும் தண்ணீர் தேடி ஓட, அந்த மனிதர் மட்டும் கப்பலில் கிடந்த ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறாரே. கடைசியில் அந்தக் குட்டிதான் சுனையைக் காட்டுகிறது. அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது.

பூஞ்சைக்காரரிடம் சொல், தொடர்பு இருக்கிறது என்று.

அண்ணி

மே 2

அண்ணிக்கு,

நான் நலமோ நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். ஆனால் உங்கள் மேல் வழக்குப் போடலாமா என்று யோசிக்கிறேன். தீவும் சுனையும் எந்த அத்தியாயத்தில் வருகின்றன? அவர்கள் ஒன்பது வரைதான் வாசித்து ஏற்றியிருக்கிறார்கள். அதற்குள் கப்பல் கரையைக்கூடப் பார்க்கவில்லை. நீங்கள் எப்படி முந்திக்கொண்டீர்கள்? வேறு எங்கோ முழுசாகக் கிடைக்கிறதென்றால் எனக்குச் சொல்லக்கூடாதா? குட்டி பிழைக்குமா பிழைக்காதா என்று நான் ஆசையாகக் காத்திருந்தேன்.

பரவாயில்லை, மன்னித்தேன். ஏனென்றால் இந்த வாரம் நடந்திருப்பது அப்படி. டாக்டர் தம்பதியின் புதுப் பாகத்தை உடனே கேளுங்கள். தன் இறகைத் தானே பிய்த்துக்கொள்ளும் கிளி என்று தலைப்பு. நான் எதுவும் சொல்லமாட்டேன். முன்கூட்டிச் சொன்னால் ருசி போய்விடும். பூஞ்சைக்காரரும் நானும் மேசையில் கவிழ்ந்து சிரித்ததில் பசைக்கிண்ணம் கொட்டிவிட்டது. அவர்கள் கண்டுபிடித்து நீக்குவதற்குள் கேட்டுவிடுங்கள். கேட்டதும் முதல் வேலையாக எனக்கு எழுதுங்கள், நீங்கள் எந்த இடத்தில் சிரித்தீர்கள் என்று.

பொறுமையில்லாமல்,
வாலு

மே 16

வாலுக்கு,

சுகம். உன் கடிதம் கண்டதும் உட்கார்ந்து கேட்டேன்.

சிரித்தாய் என்கிறாயே, எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாவம் அந்தக் கிளி. கூட இருந்த ஜோடி போன பிறகு அது இறகைப் பிடுங்குகிறது, வைத்தியம் மருந்தில் இல்லை, யாராவது தினமும் கொஞ்ச நேரம் அதோடு பேச வேண்டும் என்று அந்த டாக்டர் சொல்வது சரிதான். அதற்குப் பதில் சொல்லத் தெரியாவிட்டாலும், பேசுவது நிற்கக்கூடாது. எத்தனை அழகாகச் சொல்கிறார்கள். நீ எந்த இடத்தில் சிரித்தாய் என்று எனக்குப் புரியவே இல்லை. இளவயசு, எதைப் பார்த்தாலும் சிரிப்பு.

உனக்கு இளவயசா என்று கேட்காதே. எனக்கு நீ பள்ளிக்கூடப் பையோடுதான் நிற்கிறாய்.

அண்ணி

ஜூலை 1

வாலுக்கு,

ஆறு வாரமாகத் தபால்காரர் மின்கட்டணச் சீட்டைத் தவிர எனக்கு எதுவும் கொண்டுவரவில்லை. உடம்பு சரியில்லையா? நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? இளவயசு என்றது கிண்டல்தான்.

இரண்டு வரி போதும். நலம் என்று மட்டும் எழுது.

அண்ணி

ஜூலை 9

அண்ணிக்கு,

நலம். உங்கள் நலத்தையும் விரும்புகிறேன்.

அந்தப் பாகத்தில் கிளி இல்லை அண்ணி. அவர்கள் தவறான பதிவை ஏற்றிவிட்டார்கள். மைக் ஓடுகிறதா என்று சோதித்துவிட்டு நிறுத்த மறந்த அரைமணி நேரம். தலைப்பும் கீழே எழுதியிருந்த குறிப்பும் மட்டும்தான் கிளி. குரலில் இருந்தது இரண்டு பேரின் சண்டையும் ஒரு நாயின் குறட்டையும். கேட்ட யாராலும் கிளியைப் பற்றி எழுத முடியாது.

நீங்கள் எதையுமே கேட்கவில்லை என்று இப்போது தெரிகிறது. குறிப்பைப் படித்துவிட்டு, பிள்ளை மனசு நோகக்கூடாதென்று இரண்டு வார்த்தை. அதில் தப்பில்லை, எல்லாருக்கும் வேலை இருக்கிறது. ஆனால் நான் மாதக்கணக்கில் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செடியை ஒட்டும்போது, இந்த இடத்தில் அண்ணி இப்படிச் சொல்லுவாங்க என்று நானே உங்களுக்காகப் பேசிக்கொண்டிருந்தேன்.

முதலில் போனை நிறுத்தினீர்கள். இப்போது இது. கடமைக்காக எழுத வேண்டாம் அண்ணி. நான் அண்ணனின் தங்கை. அண்ணன் இல்லை. எனக்குப் புரிகிறது, நிஜமாகவே.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

வாலு

ஜூலை 20

அடி வாலு,

நலம் விசாரிக்க இப்போது நேரமில்லை.

எனக்குக் காது கேட்கவில்லை. இடது பக்கம் சுத்தமாக இல்லை. வலது பக்கம், யாரோ பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி. உலர்த்தும் மிஷினுக்குப் பக்கத்தில் நின்று நின்று வந்ததா, தானாக வந்ததா தெரியாது. கடையில் சமாளிக்கிறேன். துணி கொடுக்க வருபவர்கள் என்ன புதிதாகக் கேட்டுவிடப் போகிறார்கள், நாளைக்கா, நாளன்னைக்கா. வாயைப் பார்த்தால் தெரிந்துவிடும். போனில் வாய் இல்லையே. வீடியோவில் வாய் இருக்கிறது, ஆனால் உன் வாய் உன் பேச்சுக்குப் பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு ஓடி வருகிறது.

சொன்னால் அடுத்த பஸ் பிடித்து வந்து என்னைக் காது டாக்டரிடம் இழுத்துப் போவாய். அவர் ‘இவ்வளவுதான்’ என்பார். சொல்லாதவரை அது மிஷின் இரைச்சல்தான் என்று நானும் நினைத்துக்கொள்ளலாம் அல்லவா. வேறு காரணம் எதுவும் இல்லை. வெட்கம், அவ்வளவுதான்.

எதையும் கேட்கவில்லை என்கிறாய். உண்மை. ஆனால் கடமைக்குப் படித்தேன் என்று மட்டும் சொல்லாதே. நீ அனுப்பிய ஒவ்வொன்றின் குறிப்பையும் வரி விடாமல் படித்தேன். கப்பல் புத்தகம் அந்தத் தளத்திலேயே எழுத்தாகவும் இருந்தது, முழுசும் படித்து முடித்தேன், அதில்தான் உன்னை முந்திக்கொண்டு மாட்டிக்கொண்டேன். பூட்டு ரிப்பேர்க்காரர் என்ன பேசியிருப்பார் என்று தெரிந்துகொள்ள நூலகத்தில் பூட்டைப் பற்றிப் புத்தகம் எடுத்துவந்தேன். என் வயதில், பூட்டைப் பற்றி. மழைக்கு மட்டும்தான் எனக்கு எந்தக் குறிப்பும் கிடைக்கவில்லை.

போனில் நீ ஏதோ கேட்டாய். என்ன என்று எனக்கு விழவில்லை. உன் குரல் கீழே இறங்கியது மட்டும் தெரிந்தது. திரும்பச் சொல் என்று ஏற்கெனவே பலமுறை சொல்லியாயிற்று, இன்னொரு தடவை சொல்ல வாய் வரவில்லை. மிஷின் மேல் பழியைப் போட்டுப் போனை வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்பதுகூட மறந்துவிட்டது.

இப்போது கேட்கிறேன். என்ன கேட்டாய்?

உன் அண்ணன் இல்லைதான். உன்னை அவர் மூலமாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? தலை வாரிவிட நான்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நீ. அவருக்குப் பின்னல் போடத் தெரியுமா?

அண்ணி

ஆகஸ்ட் 11

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை வேலை மேசையில் பிரித்தேன், அது தப்பு. பூஞ்சைக்காரர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நல்ல மனிதர். நான் தேறிவிட்டேன்.

திட்ட வேண்டியதை நேரில் திட்டிக்கொள்கிறேன். இப்போது உட்காருங்கள், முழங்காலை நீட்டிக்கொள்ளுங்கள். அந்த அரைமணி நேரத்தை எழுதித் தருகிறேன். அவர்கள் நீக்குவதற்கு முன்பே பூஞ்சைக்காரர் இறக்கி வைத்திருந்தார். நிறுத்தி நிறுத்தி எழுதினேன். பத்துப் பக்கம் தனியாக இணைத்திருக்கிறேன், எனக்குப் பிடித்த துண்டுகளை மட்டும் இங்கேயும் எழுதுகிறேன்.

(மைக்கை யாரோ தட்டுகிறார்கள். தலையணையைத் தட்டிப் போடுகிற சத்தம்.)

மனைவி: ஓடுதா? சிவப்பு லைட்டே வரல.

கணவர்: என் கண்ணாடிய பாத்தியா?

மனைவி: உங்க தலையில இருக்கு. (இவர் குரல் நீங்கள் கடையில் சில்லறை இல்லை என்று சொல்லும்போது வருகிற குரல்.)

(நாற்காலி இழுபடுகிறது. நம் பழைய சாப்பாட்டு மேசை நாற்காலி, ஒரு கால் குட்டையானது, அதே அலறல்.)

மனைவி: கேட்டைத் திறந்து போட்டது நீங்கதான்.

கணவர்: நாய்தான் திறந்திருக்கும்.

மனைவி: அதுக்குக் கண்ணே தெரியாது, கேட்டைத் திறக்குமா?

(நாயின் குறட்டை. அண்ணன் ஞாயிறு மதியம் விடுவாரே, அந்த வகை. ஆனால் இது கொஞ்சம் மரியாதை தெரிந்த குறட்டை.)

மனைவி: நீங்க பேசறப்பல்லாம் நான் குறுக்க வர்றேனாம். ஒரு அம்மா எழுதியிருக்காங்க. எரிச்சலா இருக்காம். இனிமே வாய மூடிட்டு இருக்கட்டுமா?

(ஒரு தம்ளர் மேசையில் வைக்கப்படுகிறது, மெதுவாக.)

கணவர்: நீ குறுக்க வரலன்னா, எங்க நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியாது.

(அவர் இதைப் பெரிதாகச் சொல்லவில்லை. பல் குத்திக்கொண்டே சொல்வது போலச் சொல்கிறார். மனைவி சிரிப்பது கேட்கிறது, மூக்கால் வருகிற சிரிப்பு. நாய் குறட்டையை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குகிறது.)

நாங்கள் சிரித்தது கேட்டைப் பற்றிய சண்டைக்கு. இந்த இடத்தில் சிரிக்கவில்லை. நீங்கள் எந்த இடத்தில் சிரித்தீர்கள் என்று எழுதுங்கள்.

மழையையும் எழுதிப் பார்த்தேன். தகரக்கூரை: யாரோ மாடியில் பயறு மூட்டையைக் கவிழ்க்கிறார்கள், பொறுக்கி முடிப்பதற்குள் இன்னொரு மூட்டை. இதற்கு மேல் எனக்கு வரவில்லை.

போனில் கேட்டது இதுதான். விடுமுறைக்கு எப்போதும் போல வந்து தங்கட்டுமா அண்ணி, அண்ணன் இல்லாவிட்டாலும்?

காது டாக்டரிடம் போங்கள். நான் இழுக்காமல், நீங்களாக.

உங்கள்
வாலு

அக்டோபர் 5

வாலுக்கு,

நலம். இந்தத் தடவை சும்மா எழுதவில்லை, பரிசோதனை செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

போனேன். நீ எழுதியதாலும் போனேன், நாயின் குறட்டை மரியாதையாக இருந்தது என்றாயே, அதை நானே கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்றும் போனேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் வந்தால் கையைத் தூக்குங்கள் என்றாள் ஒரு பெண். ரொம்ப நேரம் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தே எல்லாம் தெரிந்துவிட்டது, வாய் பார்த்துப் பழகியவள் அல்லவா. இடது காது திரும்பாதாம். வலது காதுக்கு மிஷின் வைத்தால் ஓரளவு. நான் பயந்த ‘இவ்வளவுதான்’ அதுதான். பயந்த அளவுக்குப் பெரிதாக இல்லை.

மிஷினை மாட்டிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தேன். உள்ளே நுழைந்ததும் ஒரு அலறல். பழுதாகிவிட்டது என்று காதைத் தட்டிப் பார்த்தேன். இஸ்திரிக்காரர் பாடிக்கொண்டிருந்தார். “எப்ப மறுபடி ஆரம்பிச்சீங்க?” என்றேன். “நான் எப்பம்மா நிறுத்தினேன்? நீங்கதான் திட்டறத நிறுத்திட்டீங்க. பாட்டு தேறிடுச்சுன்னு நினைச்சேன்” என்றார். திருந்திவிட்டார் என்று நான் அவரை மெச்சிக்கொண்டிருக்க, தேறிவிட்டோம் என்று அவர் தன்னை மெச்சிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு பாட்டு முழுக்கக் கேட்டேன். இரண்டாவது பாட்டுக்கு மிஷினைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

உன் பத்துப் பக்கத்தையும் படித்தேன். நான் சிரித்தது நாற்காலியில். அந்தக் குட்டைக் கால் நாற்காலி என்றதும் என் காதுக்குள்ளேயே அது அலறிவிட்டது, மிஷின் இல்லாமலே. நீ சிரிக்காத இடத்தில் நானும் சிரிக்கவில்லை. அந்தத் தாளை மட்டும் மடித்துத் தனியாக வைத்திருக்கிறேன்.

நீ எழுதிப் போடுவதை நிறுத்தாதே. மிஷினில் எல்லாச் சத்தமும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிறது. எது குறட்டை, எது மழை என்று நீ சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். மாடி அறையில் உன் கட்டில் மேல் யாரும் வாங்க வராத துணி மூட்டைகள் கிடந்தன. எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டேன். இந்த முழங்காலோடு, ஒவ்வொரு மூட்டையாக.

இதற்கு மேலும் பதில் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. கத்தாதே, மெதுவாகப் பேசு. விழாத இடத்தில் நான் மிஷின் மேல் பழி போடமாட்டேன். “என்ன?” என்று கேட்பேன். நீ சலித்துக்கொள்ளாமல் மறுபடி சொல்ல வேண்டும்.

அண்ணி